தெக்லா கழுவிய குழாய்

கோர்ஸ்பி பால் நிலையத்தில் தெக்லாவுக்குப் பயப்படாத விவசாயி கிடையாது. காலையில் பால் கேன்கள் வரிசையாக இறங்கும் மேடையில், வெள்ளைக் கோட்டும் மரச்செருப்புமாக அவள் நிற்பாள். ஒவ்வொரு கேனையும் திறந்து மூக்கை விடுவாள். தொழுவ வாடை துளி இருந்தாலும் மூடியைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். பாதிரியார் வீட்டுப் பசுவின் பால் என்றாலும் அதே கதிதான். ஒருமுறை பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஆல்ரிக்கின் கேனையே, இருபது பேர் வண்டியோடு நிற்கும்போது, "கேனைக் கழுவுனீங்களா, இல்ல மாட்டை விட்டு நக்க வெச்சீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. ஆல்ரிக் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மறக்கிற ஜாதியும் இல்லை.

நான் போர்ஹில்ட். அதே நிலையத்தில் வெண்ணெய்ப் பொட்டலம் கட்டுகிறவள். தெக்லாவும் நானும் ஒரே பள்ளியில் படித்தோம், ஒரே தேவாலயத்தில் பாடினோம். என் குரல் நன்றாக இருக்கும், அவளுடையது சுத்தமாக இருக்கும். அவள் அப்பா கொல்லர். வீடு முழுக்கக் கரியும் புகையுமாக வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, சுத்தம் என்றால் அவளுக்கு வெறி. நிலையத்தின் மாடியறையில் தனியாக இருந்தாள். திருமணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டதற்கு, "செருப்போட வீட்டுக்குள்ள வர்றவனா பார்த்துக் காட்டுறீங்க" என்றாள். தொட்டிகளைக் காரத்தால் கழுவி, கல்போலப் படிந்த பால்கல் போக அமிலத்தால் கழுவி, பிறகு தண்ணீரால் அலசுவது எங்கள் தொழிலின் சட்டம். அவளுக்கு அதுதான் வேதம். சலவைச் சோடாவும் கையுமாகத் திரிவதால் ஊரில் அவளைச் 'சோடா தெக்லா' என்பார்கள், அவள் காதில் விழாமல்தான்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் நிலையத்துக்கு ஏழரை பிடித்தது. சீஸ் செய்தபின் மிஞ்சும் தெளிநீரை எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஓடையில்தான் விட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஓடையில் ஆகஸ்டு மாதம் கல்லிறால் பிடித்து, வேகவைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு சாராயத்தோடு தின்பது ஊர் வழக்கம். ஒரு வருடம் இறால் எல்லாம் செத்து மிதந்தது. இனி ஒரு சொட்டு விடக்கூடாது என்று மாவட்ட அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். தெளிநீருக்கு வழி பண்ணாவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு, பாலை ஊப்சாலா நகரத்துக்கு அனுப்பவேண்டியதுதான். மூடினால் ஆண்களுக்கு எங்காவது ஒரு வேலை கிடைத்துவிடும். என்னைப்போன்ற, தெக்லாவைப்போன்ற நாற்பது தாண்டிய பெண்களுக்கு யார் தருவார்?

அப்போதுதான் ஊப்சாலாவிலிருந்து எஞ்சினியர் சிக்ஸ்டன் வந்தார். ஒல்லியாக, எப்போதும் சளி பிடித்தவராக இருப்பார். அவரோடு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடித் தூணும் வந்தது. அதற்குள் ஊறிய ஜவ்வரிசிபோல, ஆனால் அதைவிட மிகப் பொடியாக, வெள்ளை ஜெல் மணிகள். மேலே தெளிநீரை விட்டால் கீழே புரதம் தனியாக, சர்க்கரையும் உப்பும் தனியாக வரும் என்றார். ஹில்டிங், எங்கள் மேனேஜர், "மந்திரமா?" என்று கேட்டார்.

"மந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சந்தைக்குப் போறோம்னு வைங்க. ஒல்லியா இருக்கறவன் எல்லாக் கடையிலயும் நுழைஞ்சு நுழைஞ்சு வருவான். குண்டன் எந்தக் கடை வாசல்லயும் நுழைய முடியாது. அதனால நேரா நடந்து வீட்டுக்கு முதல்ல வந்துருவான். புரதம்தான் குண்டன். இந்த மணிக்குள்ள அவனால நுழைய முடியாது. சர்க்கரை நுழைஞ்சு சுத்திட்டு மெதுவா வரும்."

ஹில்டிங் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே, "அப்ப நான் புரதம்" என்றார்.

தூணைப் பார்த்துக்கொள்ளத் தெக்லாவைத்தான் எஞ்சினியர் கேட்டார். கேன் மேடையிலிருந்து தூண் அறைக்கு மாறியது அவளுக்குப் பெரிய ஏற்றம். அந்த அறையின் சாவியைக் கோட்டில் ஊசி குத்தி மாட்டிக்கொண்டு திரிந்தாள், பதக்கம்போல. எஞ்சினியர் இரண்டே விதிகள் சொன்னார். ஒன்று, ஜெல் எப்போதும் நீருக்குள் இருக்கவேண்டும். காய்ந்தால் வெடித்துப் பாளம் பாளமாகிவிடும், அதோடு சரி. இரண்டு, தூணுக்குள் காரமும் கூடாது, அமிலமும் கூடாது. உப்புத் தண்ணீரால் மட்டும் கழுவவேண்டும்.

அன்று மாலை என்னிடம் வந்து, "உப்புத் தண்ணியால கழுவுறதுக்குப் பேரு கழுவுறதா? கருவாடு ஊற வைக்கிறது" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் சொன்னபடியே செய்தாள். தூணை அவள் தொடவில்லை. தொட்டியிலிருந்து தூணுக்குப் போகும் குழாயை மட்டும் அவளால் அப்படியே விடமுடியவில்லை. வாரத்தில் ஒரு நாள், யாருக்கும் தெரியாமல், அதில் அமிலம் ஓடவிட்டுத் தண்ணீரால் அலசினாள். தூண் பக்கம் வால்வு மூடியிருக்குமே. அதனால் குழாயின் கடைசி வளைவில் அலசுகிற தண்ணீர் முழுவதும் போகாது, கொஞ்சம் அமிலம் தங்கிவிடும். தெளிநீர் ஏற்கெனவே திரிந்த பாலின் மிச்சம்தான், கொஞ்சம் புளிப்பு பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. குளிர்காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. கீழ்க் குழாயில் புரதம் தெளிவாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கத்துக்காரர்கள் நேரில் வந்து பார்த்து, பெரிய தூண்கள் கட்டுவதா, நிலையத்தை மூடுவதா என்று முடிவு செய்ய ஒரு நாள் குறித்தார்கள்.

அவர்கள் வருகிற நாள் காலையில் அவள் குழாயைக் கழுவாமல் இருப்பாளா?

ஓடையில் பனிக்கட்டி உடைந்து ஓடும் சத்தம் கேட்கிற மார்ச் மாதக் காலை. ஆல்ரிக்கும் இன்னும் நாலு பண்ணைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுக்கு மேல் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு தூண் அறையில் நின்றார்கள். நான் அடுத்த அறையில் காப்பி மேசை போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வாசலில் நின்றேன். எஞ்சினியர் தெளிநீர்த் தொட்டியைக் காட்டினார்.

ஆல்ரிக் கையை வீசினார். "தெளிநீர் இருக்கட்டும். ஆடை எடுத்த பால் நமக்கு மலையா மிஞ்சுது. பன்னிக்கு ஊத்துறோம், அதுவும் மூஞ்சியைத் திருப்புது. அதை இதுல போட்டா பிரியுமா?"

"பிரியும். ஊப்சாலாவுல சின்னத் தூண்ல பண்ணிப் பார்த்திருக்கேன். முதல்ல வெள்ளைப் புரதம், பின்னாடி தெளிவான புரதம், கடைசியில சர்க்கரைத் தண்ணி."

"அப்ப அதையே போட்டுக் காட்டுங்க. சின்னத் தூணைப் பார்த்து நாங்க எப்படிக் கை தூக்குறது?"

தெக்லாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு அடி முன்னால் வந்தாள். "தெளிநீர் தயாரா இருக்கு, எஞ்சினியர் சார். இன்னிக்கு அதையே ஓட்டலாமே. ஆடை எடுத்த பாலை இன்னொரு நாள்..."

ஆல்ரிக் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கழுவுற அம்மாவைக் கேட்டா முடிவு பண்றோம்?"

அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "அலசித்தானே விட்டேன், போயிருக்கும்னு நெனச்சேன்டி" என்றாள். நினைத்தாளோ, நேர்ந்துகொண்டாளோ, அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

வால்வைத் திறந்தார்கள். கண்ணாடி வழியாகப் பால் வெள்ளையாக ஜெல்லின் தலைமேல் பரவியது. கீழ்க் குழாய் ஒழுங்காகச் சொட்டியது. ஐந்து பேரும் குனிந்து அந்தச் சொட்டையே பார்த்தார்கள். சிறிது நேரத்தில் சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடியது. பிறகு இன்னும் கூடியது. ஆல்ரிக் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் ஹில்டிங்.

"பால் கொஞ்சம் கனமில்லையா, அதனால இருக்கும்." எஞ்சினியர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பம்பைக் கூட்டினார். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. சொட்டு கூடவில்லை.

"இன்னும் கூட்டுங்க சார்" என்றார் ஹில்டிங். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

முள் மறுபடி ஏறியது. ஜெல் மெல்லக் கீழே அழுந்தித் தாழ்வதை வாசலிலிருந்தே பார்த்தேன். கண்ணாடியும் இரும்பு வளையமும் சேருமிடத்தில் முனகல்போல ஒரு சத்தம் வந்தது. ஒரு பண்ணைக்காரர் பின்னால் நகர்ந்தார். ஜெல் நசுங்கினால் தூண் போயிற்று. கண்ணாடி தெறித்தால் முன்னால் நிற்கிற எஞ்சினியரின் கண் போயிற்று. எது போனாலும் நிலையம் போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதை என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

தெக்லா பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினியர் முள்ளைப் பார்த்தார், ஆல்ரிக் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் மட்டும் தூணின் தலைப்பகுதியைப் பார்த்தாள். அங்கே பால், பாலாக இல்லை. பொடிப்பொடியாகத் திரிந்து, தயிர்போல ஒட்டிக்கொண்டு ஜெல்லை மூடியிருந்தது. இத்தனை வருடம் திரிந்த பாலைப் பார்த்தவள், ஏன் திரிந்தது என்று அவளுக்குச் சொல்லவேண்டுமா? அந்த அறையில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பேசாமல் நின்றால் எஞ்சினியரின் தூண் உதவாது என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். சொன்னால், ஆல்ரிக்கின் முன்னால், அந்த ஆல்ரிக்கின் முன்னால், சோடா தெக்லா கழுவத் தெரியாமல் கழுவினாள் என்று ஆகும். அவள் கை கோட்டிலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சொல்லடி, சொல்லித் தொலையேன் என்று என் வாய்வரை வந்துவிட்டது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

சாவியை விட்டாள். இரண்டே எட்டில் சுவரோரம் போய்ப் பெரிய சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினாள். பம்பு நின்றது.

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்று கத்தினார் ஆல்ரிக்.

"நான்தான் நிறுத்தினேன். உள்ள பால் திரிஞ்சு கெடக்கு. குழாயைக் காலையில அமிலத்தால கழுவினேன். வளைவுல நின்னுருக்கு. தூண் மேல தப்பில்ல, எஞ்சினியர் மேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது."

எஞ்சினியரின் கைக்குட்டை மூக்கிலேயே நின்றது. "அமிலம் கூடாதுன்னு சொன்னேனேம்மா."

"தூணுக்குத்தான் சொன்னீங்க. குழாய்க்குச் சொல்லலை" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கே தெரிஞ்சிருக்கணும்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பள்ளியில்கூடத் தன்மேல் தப்பு என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை.

ஆல்ரிக் அங்கியின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "அப்ப முடிஞ்சுது. பார்க்க வந்ததைப் பார்த்தாச்சு."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். "மேல மட்டும் எடுத்துட்டா கீழ பிழைச்சுக்கும். கொஞ்ச நேரம் வேணும்" என்று உதட்டுக்குள் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"காப்பி ஊத்தி வெச்சாச்சு" என்றேன் சத்தமாக. "ஏழு வகையும் இருக்கு."

எங்கள் ஊரில் கடவுளை மறுக்கலாம், ராஜாவை மறுக்கலாம், ஊற்றிய காப்பியை மறுக்க முடியாது. அதுவும் ஏழு வகைப் பலகாரம் போட்ட மேசையில் ஒரு வகையை விட்டுவிட்டு எழுந்தால் சுட்டவளை அவமதித்த மாதிரி. முதலில் ஏலக்காய் பன், அப்புறம் பஞ்சுக் கேக், அதன்பிறகுதான் பிஸ்கட்டுகள், ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல். ஆல்ரிக் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார்.

அன்று நான் பரிமாறிய வேகத்தில் நத்தை என்னைத் தாண்டியிருக்கும். காப்பி ஆறிவிட்டது, சூடாக்குகிறேன் என்று கெண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், வழியில் தூண் அறையை எட்டிப் பார்ப்பேன். முதல் தடவை பார்த்தபோது தூணின் மூடியைக் கழற்றியிருந்தார்கள். தெக்லா ஏணிமேல் குப்புறக் கிடந்தாள். தோள்வரை கை உள்ளே. சீஸ் அள்ளும் அகப்பையால் திரிந்ததை அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். கீழே ஜெல் கலங்கக்கூடாது, கலங்கினால் எல்லாம் ஒன்றாகக் கலந்தே வடியும். எஞ்சினியர் உப்புத் தண்ணீரைச் சன்னமாக ஊற்றிக்கொண்டே இருந்தார், ஜெல் காயக்கூடாது.

"மெதுவா, மெதுவா" என்றார்.

"இதைவிட மெதுவான்னா நான் செத்துத்தான் போகணும். நீங்க ஊத்துறதை நிறுத்தாதீங்க, தண்ணி இறங்குது" என்றாள்.

காப்பி அறையில் பாதாம் பிஸ்கட் வரை வந்திருந்தார்கள். ஒரு பண்ணைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா" என்றார். "ஏன், என் ஓட்ஸ் பிஸ்கட் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். எடுத்துக்கொண்டார். ஆல்ரிக் மட்டும் என்னையே உறுத்துப் பார்த்தார். "என்ன போர்ஹில்ட், எங்களை அடைகாக்குறியா?" என்றார். அவர் சாசரில் காப்பியைச் சிந்திவிட்டேன். சிந்தியதற்காக இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

அடுத்த முறை எட்டிப் பார்த்தபோது குழாயின் வளைவை உப்புத் தண்ணீரால் அலசி வாளியில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அலசிய தண்ணீரைத் தெக்லா நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பினாள். "இன்னும் புளிக்குது" என்றாள். மறுபடி அலசினாள். ஜெல்லின் தலையில் ஒரு சாண் குறைந்திருந்தது, மிச்சம் வெள்ளை வெளேரென்று மட்டமாக இருந்தது. அவள் கை குளிரில் செங்கல் நிறமாகிவிட்டது.

கடைசி பிஸ்கட்டையும் மென்று முடித்து அவர்கள் எழுந்தபோது எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. தூண் அறைக்குள் நுழைந்தோம். மூடி போட்டிருந்தது. ஆடை எடுத்த பால் மீண்டும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. முள் கீழேயே நின்றது. சொட்டு வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்காக வந்தது. நெடுநேரம் வெறும் உப்புத் தண்ணீர். பிறகு பால்போல வெள்ளை. பிறகு வெள்ளை மங்கி, வெளிர்பச்சை சாயலில் தெளிவான நீர். எஞ்சினியர் அதைச் சோதனைக் குழாயில் பிடித்து ஒரு துளி மருந்து விட்டார். புகைபோல வெண்மை திரண்டது.

"புரதம்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது, சளியால் மட்டும் இல்லை.

மதியம் தாண்டிக் கடைசியில் வந்ததை ஆல்ரிக்கே விரலில் தொட்டு நக்கினார். "இனிக்குது" என்று ஒப்புக்கொண்டார். அங்கேயே நின்றபடி ஐந்து கைகளும் உயர்ந்தன. நிலையம் மூடப்படவில்லை. ஹில்டிங் என்னைக் கட்டிப்பிடித்தார், வெட்கம்கெட்ட மனிதர். நான் அழுதுவிட்டேன்.

ஆல்ரிக் கையைக் கீழே போடாமலே சொன்னார்: "ஒரு நிபந்தனை. இந்தம்மா இனிமே தூண்கிட்ட வரக்கூடாது."

எஞ்சினியர் கொதித்துப் போனார். "அவங்க நிறுத்தலைன்னா இப்ப இங்க தூணே இருக்காது!"

"அவங்க கழுவலைன்னா நிறுத்தவே வேண்டியிருக்காது" என்றார் ஆல்ரிக்.

நியாயம்தான். அந்த ஆள் வாயில் அது நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹில்டிங் தரையைப் பார்த்தார். தெக்லா கோட்டிலிருந்து ஊசியைக் கழற்றி, சாவியை எடுத்து எஞ்சினியரின் கையில் வைத்தாள். அந்தச் சிவந்த கையை அவர் உடனே விடவில்லை. அவளாகத்தான் உருவிக்கொண்டாள். "மேல எப்பவும் தண்ணி நிக்கணும், மறந்துறாதீங்க" என்று அவருக்கே சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவள் கேன் மேடையில் நின்றாள். செய்தி பால் வண்டியைவிட வேகமாகப் போயிருந்தது. வழக்கமாக மகனை அனுப்பும் ஆல்ரிக் அன்று தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். நானும் வெண்ணெயை விட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு இருக்கிறது ஆல்ரிக்குக்கு என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். அந்தக் கேனில் ரோஜாப்பூ வாசம் வந்தாலும் திருப்பி அனுப்படி என்று வேண்டிக்கொண்டேன்.

தெக்லா மூடியைத் திறந்தாள். மூக்கை விட்டாள். நிதானமாக முகர்ந்தாள். கரண்டியால் எடுத்து ஒரு வாய் ருசி பார்த்தாள். ஆல்ரிக் தொப்பியைக் கையில் எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் கழுத்தில் வியர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

"நல்ல பால். உள்ள போகட்டும்" என்றாள்.

அவர் நகரவில்லை. கேன் உருண்டு உள்ளே போனபிறகும் நின்றார். "தெக்லா, நேத்து நான் சொன்னது..."

"நேத்து சொன்னது சரிதான். வண்டியை எடுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் வண்டியை எடுத்தார். அவள் அடுத்த கேனைத் திறந்தாள். முகர்ந்த வேகத்தில் மூடியை அறைந்து மூடித் திருப்பி உருட்டிவிட்டாள். அது என் தம்பியுடைய கேன்.